தெளிப்பதற்கு முன் பாருங்கள்: வீட்டுத்தோட்டத்து உயிர்களை அவதானித்தலும் படமெடுத்தலும்

கத்தரிக் கன்றின் இலையில் ஓட்டைகளைக் கண்டவுடன் எமது கிராமங்களில் முதலில் எழும் கேள்வி "இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதாகும். "இந்த ஓட்டையைப் போட்டது எது?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்துத் தருகிறார். மூடியால் அளந்து தண்ணீரில் கலந்து வளவு முழுவதும் தெளிக்கிறோம். சில வாரங்களில் பூச்சி திரும்பி வருகிறது. பல வேளைகளில் முன்னரைவிட அதிகமாக வருகிறது. அப்போது இன்னும் காரமான மருந்து தேடப்படுகிறது.

ஏன் அதிகமாக வருகிறது? பயிரைத் தின்னும் பூச்சியோடு, அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சியும் செத்துப்போனதே காரணம். அழுக்கணவன், வெண் ஈ போன்றவை விரைவாகப் பெருகும். அவற்றைத் தின்னும் வண்டும் குளவியும் சிலந்தியும் மெதுவாகவே பெருகும். மருந்தின் வீரியம் போனபின் முதலில் எழுந்து நிற்பது பகைவன்தான், நண்பன் அல்ல.

வீட்டுத்தோட்டத்தில் இது வெறும் விளைச்சல் பிரச்சினையன்று. காலையில் பிடுங்கிய வெண்டிக்காய் மதியம் கறியாகிறது. மருந்து அடித்தபின் இத்தனை நாள் பொறுத்து அறுவடை செய்யவேண்டும் என்ற விதி போத்தலில் எழுதியிருந்தாலும், அடுப்படியில் அதை நினைவு வைத்திருப்பார் யார்? அதே மண்ணில்தான் குழந்தை விளையாடுகிறது. செலவும் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உரங்களும் பூச்சிநாசினிகளும் இறக்குமதி செய்யத் தடைவந்தது. நவம்பரில் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் போத்தல் விலை ஏறியது. பத்துக் கத்தரிக் கன்று வைத்திருக்கும் ஒரு தாய் அந்த விலையைக் கொடுப்பதைவிடச் சந்தையில் கத்தரிக்காய் வாங்குவது மலிவு.

ஆகவே இம்முறைப் பாடம் தெளிகருவியைப் பற்றியதன்று, கண்ணைப் பற்றியது. இன்று பெரும்பாலான வீடுகளில் ஒரு கைத்தொலைபேசியாவது இருப்பதால், அதிலுள்ள கமராவையும் பற்றியது.

நண்பனும் பகைவனும்

பொறிவண்டை எல்லோரும் அறிவோம். சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில், கறுப்புப் புள்ளிகளோடு, பாதி மிளகைப்போல உருண்டு பளபளப்பாக இருக்கும். ஆனால் அதன் புழுவை அறிந்தவர் சிலரே. அது தாயைப்போல இருக்காது. கருஞ்சாம்பல் நிறத்தில், ஆறு கால்களோடு, நீண்டு, ஒரு சின்னஞ்சிறு முதலையைப்போல இருக்கும். பயற்றங்கொடியின் நுனியில் அழுக்கணவன் மொய்த்திருக்கும் இடத்தில் அது ஓடித் திரிவதைக் காண்பவர்கள் அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். கள்ளனைப் பிடிக்க வந்த பொலிசுக்காரரை அடிப்பது போன்ற வேலை இது. அந்தப் புழுவைப் பத்து நிமிடம் பார்த்திருங்கள். ஒவ்வோர் அழுக்கணவனாகப் பிடித்து உறிஞ்சுவதை நீங்களே காண்பீர்கள்.

இதே குடும்பத்தில் ஒரு துரோகியும் இருக்கிறான். கத்தரி, பாகல் இலைகளில் வரும் எப்பிலக்னா வண்டுதான் அவன். உருவம் பொறிவண்டு போலவே. ஆனால் மேலே பளபளப்பு இராது. நுண்ணிய மயிர் மூடியிருப்பதால் மங்கலான செம்மஞ்சளாகத் தோன்றும். புள்ளிகள் அதிகம், 28 வரை இருக்கும். அதன் புழு மஞ்சள் நிறம், உடல் முழுதும் கிளைவிட்ட முட்கள். இது அழுக்கணவனைத் தொடாது. இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும். அந்த இலையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் வலைபோலத் தெரியும். இதற்கும் மருந்து தேவையில்லை. பத்துக் கன்றுகளில் உள்ளவற்றைக் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட அரைமணி நேரம் போதும். ஆனால் எதைப் பொறுக்குவது, எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் சில அடையாளங்கள். மயிரிழை போன்ற காம்பின் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு, இப்படி நாலைந்து இலையில் நின்றால் அது பூஞ்சணம் அல்ல, கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் முட்டை. அதன் புழுவும் அழுக்கணவனைத் தின்னும். மஞ்சள் வரிகளோடு தேனீயைப்போல அந்தரத்தில் நிற்கும் ஈ ஒன்று உண்டு. தேனீக்கு நாலு சிறகு, இதற்கு இரண்டே. இதன் புழுவும் நம் பக்கமே. ஒரு புழுவின் முதுகில் அல்லது அதன் அருகில் அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் இருந்தால், அப்புழுவை ஏற்கெனவே சிறு குளவிகள் உள்ளிருந்து தின்று முடித்துவிட்டன. அதைக் கொல்லாமல் விட்டால் இருபது முப்பது குளவிகள் புறப்பட்டு அடுத்த புழுவைத் தேடும்.

இத்தகைய குளவிகளின் வலிமையை நாடே ஒருமுறை கண்டது. 2008ஆம் ஆண்டில் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இலங்கைக்குள் வந்து பப்பாசியையும் வேறு பல மரங்களையும் வெள்ளையாக மூடியது. மருந்து அதன் மெழுகுப் போர்வையைத் தாண்டவில்லை. 2009இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட, கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் ஒரு குளவியே அதைக் கட்டுப்படுத்தியது.

எப்படிப் பார்ப்பது

அவதானிப்பது வேறு, பார்ப்பது வேறு. தினமும் தண்ணீர் ஊற்றும்போது கன்றைப் பார்க்கத்தான் செய்கிறோம். அவதானிப்பவர் ஓரிடத்தில் குந்தியிருப்பார். ஒரு கன்று, ஒரு பூ, வேலியில் ஒரு முழம், அவ்வளவு போதும். பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்தால் முதலில் ஓடி ஒளிந்தவை எல்லாம் திரும்பி வரும். இலையின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தைப் பாருங்கள். முட்டைகளும் வெண் ஈயும் சிலந்தியும் அங்கேதான். காலை ஆறு மணி முதல் எட்டு மணிவரை நல்ல நேரம். குளிர்ச்சியில் பூச்சிகளின் உடல் இன்னும் சூடேறாததால் அவை மெதுவாகவே அசையும்.

கையில் ஒரு கொப்பி இருக்கட்டும். திகதி, நேரம், வெயிலா மழையா, எந்தப் பயிர், எந்தப் பாகம், என்ன செய்துகொண்டிருந்தது என்ற விபரங்கள் போதும். பெயர் தெரியாவிட்டால் "கத்தரி இலை, மஞ்சள் முள்ளுப் புழு" என்று எழுதுங்கள். பெயர் பிறகு வரும். பெயர் தெரியாததால் எழுதாமல் விடுவதுதான் நாம் அடிக்கடி செய்யும் பிழை.

திகதி எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். சார்ள்ஸ் அன்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் 1983இல் மாலைதீவில் குடியேறினார். ஆண்டுதோறும் ஒக்டோபரில் தும்பிகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குவதைக் கண்டார். அத்தீவுகளில் தும்பி முட்டையிடுவதற்கு நன்னீர் நிலைகள் அரிதாதலால் இவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டார். வரும் நாட்களைக் குறித்துவைத்தார். தென்னிந்தியா முதலிய இடங்களிலும் அவை தோன்றும் நாட்களோடு ஒப்பிட்டார். இவை இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாக இந்து சமுத்திரத்தைக் கடந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குச் செல்கின்றன என்ற முடிவை 2009இல் வெளியிட்டார். நம் வயல்வெளியில் மாரி தொடங்கும்போது தாழப் பறக்கும் அதே மஞ்சள் தும்பிதான் அது. அவருக்கு முதல் ஆயுதம் நாட்குறிப்பு.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஜெனிபர் ஓவன் என்ற பெண்மணி தம் சாதாரண வீட்டு வளவில் 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் கணக்கெடுத்தார். 2,673 வகை உயிர்களை அவர் பதிவுசெய்தார். அவற்றுள் 1,997 பூச்சிகள். அது குளிர்நாடு. பூவரசும் கிளுவையும் முருங்கையும் நிற்கும் நம் வளவில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

குளவியும் புழுவும்

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்ற சொல்லை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். பெரியவர்கள் இதை வெறுமனே கட்டிச் சொல்லவில்லை. மண்கூட்டுக்குள் குளவி புழுவைக் கொண்டுபோவதைக் கண்டார்கள், பின்னர் அதே கூட்டிலிருந்து குளவி வருவதையும் கண்டார்கள். இரண்டும் உண்மையே. நடுவில் நடந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

நடுவில் என்ன நடந்தது என்பதைப் பொறுமையாகப் பார்த்தவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் ஜோன் அன்றி ஃபாப்ர் (1823-1915). ஆசிரியராக இருந்தவர். 1879இல் செரின்யான் என்ற கிராமத்தில் ஒரு கல்லாந்தரையை வாங்கி, அதைப் பூச்சிகளுக்கென்றே விட்டுவைத்துப் பல ஆண்டுகள் குந்தியிருந்து பார்த்தார். தாய்க்குளவி புழுவைக் கொல்வதில்லை. கொட்டி அசைவை நிறுத்திவிடுகிறது. செத்தால் அழுகிவிடும், அசைந்தால் முட்டையை நசுக்கிவிடும். ஆதலால் உயிரோடு, ஆனால் அசைவின்றி அடுக்கி வைக்கிறது. சிறு பானை வடிவில் கூடு கட்டும் குளவி முட்டையைக் கூட்டின் கூரையில் ஒரு நூலில் தொங்கவிடுகிறது. பொரித்த குஞ்சு மேலிருந்தபடியே கீழேயுள்ள புழுக்களை ஒவ்வொன்றாகத் தின்று வளர்ந்து குளவியாகிறது. அவருடைய மகன் போல் பின்னாளில் பூச்சிகளைப் படமெடுத்துத் தந்தைக்கு உதவினார். அக்காலக் கமராவுக்குக் கண்ணாடித் தகடும் முக்காலியும் வேண்டும். நமக்கு முந்திய தலைமுறைக்குக்கூட 36 படத்துக்கு ஒரு சுருள், கழுவக் காசு வேறு. இன்று நூறு படம் எடுத்துத் தொண்ணூற்றைந்தை அழித்தாலும் சதமும் செலவில்லை.

உங்கள் வீட்டு யன்னல் மூலையிலும் மண்கூடு இருக்கும். எல்லாம் ஒன்றல்ல. ஒரு வகை பச்சைப் புழுக்களைக் கொண்டுவரும், இன்னொரு வகை சிலந்திகளை மட்டும் கொண்டுவரும். எது உங்கள் வீட்டில் என்று பாருங்கள். வந்துபோகும் நேரங்களைக் குறித்து, எத்தனை புழு கொண்டுவருகிறது என்று எண்ணினால், உங்கள் தோட்டத்திலிருந்து கூலியில்லாமல் அகற்றப்படும் புழுக்களின் கணக்கு கிடைக்கும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணிதப் பாடம் எனக்குத் தெரியாது.

படமெடுக்கும் முறை

இங்கே படம் எடுப்பது சுவரில் மாட்டுவதற்கல்ல, அடையாளம் காண்பதற்கு. அழகு தானாக வந்தால் வரட்டும்.

முதலில் கமராவின் கண்ணாடியைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். அடுப்படி எண்ணெய் விரல் பட்ட கண்ணாடியில் எல்லாம் மூடுபனியாகவே தெரியும். பெரும்பாலான தொலைபேசிகளில் ஒரு சாண் தூரத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் நெருங்க முடியும். அதற்குமேல் நெருங்கினால் மங்கிவிடும். ஆகவே தெளிவாக இருக்கும் தூரத்தில் நின்று எடுத்து, பிறகு படத்தைப் பெருப்பித்து வெட்டுங்கள். திரையில் விரலை விரித்து உருவத்தைப் பெருப்பித்து எடுப்பது பெரும்பாலும் பயன் தராது. நெருங்கி எடுக்க வேண்டுமானால் தொலைபேசியில் கவ்விக்கொள்ளும் சிறு உருப்பெருக்கு வில்லைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு மாதர் சங்கத்துக்கு ஒன்று போதும்.

எடுக்குமுன் திரையில் பூச்சியின் கண்ணுள்ள இடத்தைத் தொட்டுத் தெளிவாக்குங்கள். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி அழுத்துங்கள். பூச்சியின் மட்டத்துக்கு நீங்கள் இறங்க வேண்டும். நின்றபடி எடுத்தால் முதுகு மட்டுமே தெரியும். காற்றில் இலை ஆடினால் மறு கையால் காம்பைப் பிடியுங்கள். உச்சி வெயில் கறுப்பு நிழல் போடும். ஒருவர் குடை பிடிக்கலாம், அல்லது ஒரு வெள்ளைக் கடதாசியை நிழற்பக்கத்தில் பிடித்து ஒளியைத் திருப்பலாம். உங்கள் நிழல் பூச்சியின்மேல் விழுந்தால் அது பறந்துவிடும்.

ஒரு பூச்சிக்கு நாலு படம்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, அது இருந்த செடியும் சேதமும் ஒன்று. நாலாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு தீக்குச்சியை அருகில் வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.

முகத்தின் படம் ஏன் என்பதற்குச் சோளச் செய்கைக்காரர் பதில் சொல்வார்கள். 2018ஆம் ஆண்டின் கடைசியில் சேனா என்று பெயர்பெற்ற படைப்புழு நம் நாட்டுச் சோளத்தை அழிக்கத் தொடங்கியது. புழு என்றால் எல்லாம் படைப்புழுதான் என்ற பயம் அன்று பரவியது. உண்மையான படைப்புழுவுக்கு நெற்றியில் தலைகீழான கவண்தடி போன்ற வெள்ளைக் கோடு இருக்கும். வால்பக்கத்தில் நாலு கறுப்புப் பொட்டுகள் சதுரமாக அமைந்திருக்கும். இந்த இரண்டு இடமும் தெளிவாகத் தெரியும் படத்தை வட்ஸ்அப்பில் விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பினால், அவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேருமுன்பே பதில் கிடைக்கும். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். "ஒரு புழு வந்திருக்கு, என்ன அடிக்கிறது?" என்று கேட்பதற்கும், படத்தோடு கேட்பதற்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இராது.

தேசி மரத்தில் ஒரு மாதம்

தொடங்குபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது தேசிமரம். தேசியோ கறிவேப்பிலையோ இல்லாத வளவு குறைவு. இளந்துளிரில் குண்டூசித் தலையளவு வெளிர்மஞ்சள் முட்டை தனித்தனியாக இருக்கும். மூன்று நாலு நாளில் பொரிக்கும். சின்னப் புழு கபிலமும் வெள்ளையுமாகப் பறவை எச்சம்போலவே இருக்கும். எச்சத்தைத் தின்னும் குருவி இல்லையல்லவா! வளர்ந்தபின் தோலுரித்து இலைப்பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கிளையாகச் செம்மஞ்சள் கொம்பை நீட்டி ஒரு மணத்தை வீசும். அந்தக் கொம்பைப் படமெடுப்பது எளிதல்ல. ஒருவர் புல்நுனியால் தொட, மற்றவர் எடுக்க வேண்டும். பிறகு ஒரு குச்சியில் இடுப்பில் நூல் கட்டியதுபோலச் சாய்ந்து கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் கபிலமாகவும் பெரும்பாலும் இருக்கும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம். ஒரே புழுவை ஒரே நேரத்தில் தினமும் படமெடுத்து வரிசையாக அடுக்கினால் பாடப்புத்தகத்துப் படத்தைவிட நல்ல படம் உங்கள் கையில்.

முழங்காலளவு ஒட்டுத்தேசியாக இருந்தால் பத்துப் புழு அதை மொட்டையாக்கிவிடும் என்பதும் உண்மை. ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றைப் பெரிய மரத்துக்கோ வில்வத்துக்கோ மாற்றுங்கள்.

கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று நினையாதீர்கள். வாடிய நுனியை வெட்டிப் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர் இளஞ்சிவப்புப் புழு இருந்தால் அது தண்டும் காயும் துளைக்கும் புழு. வாரந்தோறும் அத்தகைய நுனிகளை வெட்டி எரித்தாலே பெருக்கம் குறையும். முருங்கை மயிர்க்கொட்டி இரவில் இலை தின்று பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். இதைத் தெரிந்தவர்கள் மர உச்சிக்கு மருந்து அடிப்பதில்லை. தூரத்திலிருந்து படமெடுங்கள், மயிர் பட்டால் உடல் தடிக்கும்.

மாமரத்து முசுறுவைப் பற்றி இரண்டு வார்த்தை. கடிக்கும் என்பதற்காகக் கூட்டுக்கு நெருப்பு வைக்கிறோம். கி.பி. 304ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட சீன நூலொன்றில் தோடை மரங்களைக் காக்க முசுறுக் கூடுகள் சந்தையில் விலைக்கு விற்கப்பட்ட செய்தி இருக்கிறது. அது மாவுப்பூச்சிகளைத் தேனுக்காகப் பேணும் குறையும் உண்டு. ஆனாலும் காய்க்கும் காலத்தில் அதை எரிப்பதற்கு முன் ஒரு வாரம் பார்த்துக் கணக்கெடுங்கள். அதன் பட்டுநூலால் இலை தைக்கும் வேலையை நெருங்கிப் படமெடுக்கும்போது காலில் சப்பாத்து இருக்கட்டும்.

சில எச்சரிக்கைகள்

பூச்சியை ஊசியில் குத்திச் சேகரிக்க வேண்டாம், படம் போதும். வனசீவராசிகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் பல விலங்குகளையும் சில வண்ணத்துப்பூச்சிகளையும் பாதுகாக்கிறது. 2020இல் யால வனத்தில் பூச்சிகளைப் பிடித்துப் போத்தல்களில் அடைத்த இத்தாலியர் இருவருக்கு 2024இல் ஆறு கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது.

குருவிக் கூட்டுக்கு அருகில் நீண்ட நேரம் நிற்க வேண்டாம். தாய் வராவிட்டால் குஞ்சு காய்ந்துவிடும், காகமும் வழி அறிந்துவிடும். இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையற்சிட்டின் கூட்டை இலை விலக்கிப் படமெடுப்பது அதை அழிப்பதற்குச் சமம். இரவில் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு ஒரு விளக்கை முன்னால் வைத்தால் அந்துப்பூச்சிகள் வரும். நிலாவில்லாத இரவு மேல். ஒரு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். இரவில் போவோர் ரோச் லைற்றும் சப்பாத்தும் இல்லாமல் இறங்கக்கூடாது. புடையனும் சுருட்டையும் நம் வளவுகளில் உண்டு. பாம்பு கடித்தால் படமெடுக்க நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீளக்குடியேறிய இடங்களில், கண்ணிவெடி அபாயம் என்று அடையாளமிடப்பட்ட காணிக்குள் வண்ணத்துப்பூச்சி பறந்துபோனால் அது போகட்டும். பிள்ளைகளுக்கு இதை முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்த இதழ்வரை செய்யவேண்டியவை

உங்கள் சங்கத்தில் ஐந்து வீடுகளைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பாத்தி ஒதுக்கி, ஒன்றில் வழமைபோலச் செய்யுங்கள். மற்றதில் மூன்று மாதம் மருந்து தெளிக்காமல், கையால் பொறுக்குவதும் வாடிய நுனி வெட்டுவதும் மட்டும் செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள் இரண்டு பாத்தியிலும் பத்துப் பத்து இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்து, நண்பன் எத்தனை, பகைவன் எத்தனை என்று கொப்பியில் இரண்டு நிரலாக எழுதுங்கள். சந்தேகமானவற்றை நாலு படம் எடுத்துவையுங்கள். பிடுங்கிய காயின் நிறையையும் மருந்துக்குச் செலவிட்ட காசையும் குறியுங்கள். மாதக் கூட்டத்தில் ஐந்து கொப்பிகளையும் ஒரு மேசையில் விரித்து ஒப்பிடுங்கள். அழுக்கணவன் கூடிய வாரத்துக்கும் பொறிவண்டு கூடிய வாரத்துக்கும் இடையில் எத்தனை நாள் என்பதை முக்கியமாகப் பாருங்கள். அந்த நாட்களில்தான் எல்லோருக்கும் கை தெளிகருவியைத் தேடும்.